சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் நங்கநல்லூரில் ஒரு வாசகசாலை இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் இது நான்கு பேருடைய மானப் பிரச்னையாகி, சொல்ல வந்த விஷயம் மூலைக்குப் போய்விடும். ஓய்வு பெற்ற ஒரு மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் முப்பது வருஷம் சேர்த்தவை, அவர் காலத்துக்குப் பிறகு அவர் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே ஒரு கமிட்டியின் பொறுப்பில் இருக்கின்றன. மூன்று பீரோ நிறையப் பழைய பத்திரிகைகள். 'எழுத்து', 'நடை', 'கசடதபற', 'பிரக்ஞை' என்று கட்டுக் கட்டாக. நடு ஹாலில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்த பெட்டிக்குள் பித்தளைத் தூக்கு விளக்குகள், சாண் உயரத்துக்கு இரண்டு வெண்கலப் படிமங்கள். கிழக்குச் சுவரோரம் பூட்டிய பீரோ ஒன்று. அதைப் பற்றிப் பிறகு. மியூசியம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கே கூச்சம். ஆனால் மியூசியம் என்பது வேறென்ன?

சென்ற ஐப்பசி மழையில், பழவந்தாங்கல் சுரங்கப்பாதை வழக்கம்போல் முழுகிக் கிடந்த ஒரு சாயங்காலம், அந்த ஹாலின் சுவிட்ச் போர்டில் பொறி பறந்து பிளாஸ்டிக் பற்றிக்கொண்டது. ஒரு சாண் உயர ஜுவாலை. அங்கே இருந்த பையன் ஒருவன் புத்திசாலி. ஓடிப்போய் மெயினை அணைத்தான். பிறகு சுவரில் மாட்டியிருந்த சிவப்புச் சிலிண்டரை எடுத்துப் பின்னைப் பிடுங்கி அழுத்தினான். ஆறு கிலோ. விட்ட கையை எடுக்கத் தெரியவில்லை. பயத்தில் யாருக்குத் தெரியும்? மூன்றாவது வினாடியே தீ செத்துவிட்டது. சிலிண்டர் காலியாகும்வரை அவன் நிறுத்தவில்லை. நான் போனபோது ஹால் முழுக்க மாவு மில் மாதிரி இருந்தது. பீரோக் கதவு இடுக்கு, விளக்கின் நாக்கு, படிமத்தின் கண், 'நடை' இதழ்களின் விளிம்பு எல்லாவற்றின் மேலும் வெளிர் மஞ்சளாக ஒரு மெல்லிய பொடி.

பையனைக் குறை சொல்லவில்லை. அவன் செய்தது சரி. மனுஷ உயிர் இருக்கும் இடத்தில் கையில் அகப்பட்டதை அடிக்க வேண்டியதுதான். நான் பேசுவது மறுநாள் காலையைப் பற்றியும், அதற்கு மூன்று வருஷம் முன்னால் அந்தச் சிலிண்டரை வாங்கிய மத்தியானத்தைப் பற்றியும்.

மறுநாள் காலை கமிட்டி கூடி, வேலைக்கு வரும் அம்மாளிடம் ஈரத்துணி போட்டு எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னது. துடைத்தார். பளபளவென்று இருந்தது. தை பிறப்பதற்குள் விளக்குகளின் கழுத்திலும் கண்ணியிலும் நீலமும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. பத்திரிகைக் கட்டுகளை எடுத்தால் ஓரங்கள் பிசுபிசுக்கின்றன, பிரித்தால் நறநறவென்கிறது. இதைச் செயலாளரிடம் காட்டினேன்.

"அது பழசு சார், பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு தீர்மானமும் ஆயிற்று. காலியானதை நிரப்பி, அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்குவது. நான் ஆட்சேபித்தேன்.

"சார், இது ஏ, பி, சி மூணுக்கும் ஆகும். ஏ-ன்னா பேப்பர், பி-ன்னா பெட்ரோல், சி-ன்னா கரண்ட்டு. இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க இலக்கியக்காரர். இதெல்லாம் எங்க கிட்ட விடுங்க."

சரி, இலக்கியக்காரன் எழுத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சி என்றால் கரண்ட் இல்லை. அமெரிக்காவில் அப்படி. நம் நாட்டில் எந்தத் தீக்கு எந்தச் சிலிண்டர் என்று சொல்லும் இந்தியத் தர நிர்ணய விதி 2190இல் சி என்பது எரிவாயு. மின்சாரத்துக்குத் தனி எழுத்தே கிடையாது; மின்சாரம் தீயை மூட்டும், எரிவது வேறேதோ ஒன்று. மூன்று எழுத்தில் ஓர் எழுத்தின் பொருளே தெரியாமல், அந்த மூன்றெழுத்தை மந்திரம் மாதிரி உச்சரித்து வாங்கியிருக்கிறார்கள். மந்திரத்துக்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை என்பது நம் மரபு போலும்.

அந்த எழுத்துகள் எரியும் பொருளைச் சொல்கின்றன. எரியாமல் பக்கத்தில் நிற்கும் பொருளைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. மியூசியத்தின் பிரச்னை முழுக்க அந்தப் பக்கத்துப் பொருளில்தான் இருக்கிறது. ஒரு சுவிட்ச் போர்டு எரிந்தால் போகட்டும், புதுசு மாட்டலாம். அதை அணைக்கிற சாக்கில் எதை நாசம் பண்ணுகிறோம் என்பது கேள்வி. பெட்ரோல் பங்க்குக்கும், மளிகைக் கிடங்குக்கும், கல்யாண மண்டபத்துக்கும், சுவடி அறைக்கும் ஒரே சிலிண்டரை விற்கிறவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் வியாபாரி. வாங்குகிறவன் தன்னைக் கலாச்சாரக் காவலன் என்று சொல்லிக்கொள்கிறான். அங்கேதான் உதைக்கிறது.

அந்தப் பொடி என்ன என்று விசாரித்தேன். மோனோ அம்மோனியம் பாஸ்பேட். உரக்கடையில் கிடைக்கிற சங்கதிதான். கடைக்காரர்கள் பாஷையில் 'மேப் 90', 'மேப் 50'. ஐம்பது என்றால் நூற்றில் ஐம்பது பங்கு பாஸ்பேட். மீதியில் பெரும்பகுதி அம்மோனியம் சல்பேட். விலை குறைவு என்றால் ஐம்பதாக இருக்கும், வேறென்ன. தீயை அடக்குவதில் இதற்கு ஈடு குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூட்டில் உருகி, எரியும் பரப்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒட்டிக் காற்றை மறைத்துவிடுகிறது. ஒட்டியது ஒட்டியதுதான், பிறகு சுரண்டி எடுக்க வேண்டும். சூடு படாத இடத்தில் பொடியாகவே தங்கிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் பட்டால் அமிலம். நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகையில் அப்பளம் நமுத்துப்போக எவ்வளவு நேரமாகிறது? செம்பு கலந்த எந்த உலோகத்துக்கும் அமிலமும் ஆகாது, அம்மோனியாவும் ஆகாது. காகிதத்துக்கும் அமிலம் எமன். அதிலும் நம் சிறுபத்திரிகைகள் வந்த மலிவுக் காகிதம் ஏற்கனவே தன் அமிலத்தில் தானே பொசுங்கிக்கொண்டிருப்பது. அதன் மேல் இதைத் தூவி, ஈரத்துணியால் தேய்த்து உள்ளே செலுத்தியிருக்கிறோம். செய்ய வேண்டியிருந்தது நேர் எதிர்: துளி ஈரம் படாமல், அன்றைக்கே, மூக்கைக் கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் நல்ல வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனராலும் உலர்வாக உறிஞ்சி எடுப்பது.

'இதெல்லாம் இந்தப் பத்திரிகையில் எதற்கு?' என்று நண்பர் ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கவிதையும் விமர்சனமும் வருகிற இடத்தில் உரமும் சிலிண்டரும் ஏன்? ஏனென்றால் விமர்சனம் என்று நாம் இத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். எதிரில் இருக்கும் பொருள் என்ன, எதனால் ஆனது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்ப்பது. பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பாட்டைத் தூவுகிறவனைப் பண்டிதன் என்று நாம் பரிகசித்தோம். நம் வாசகசாலைச் சுவரில் தொங்குவது அவன்தான்.

பொருளை அறியாத பக்தி நமக்குப் புதிதில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சிதிலமான ஏடுகளை என்ன செய்தார்கள் என்று உ.வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். குப்பையில் போடவில்லை, விற்கவில்லை. ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று குழி வெட்டி அக்னி வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி கொடுத்தார்கள். எவ்வளவு மரியாதை! அவர்களை நாம் ஏளனம் செய்கிறோம். அவர்களுக்காவது அது தீ என்று தெரிந்திருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இங்கேயே, பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதை நாம் பேசுவதில்லை. எழும்பூர் மியூசியத்தில் 1930இல் ஒரு ரசாயனக்கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற ரசாயனவாதி அங்கே உட்கார்ந்து, மண்ணுக்கடியிலிருந்து வந்த வெண்கலங்களுக்கு என்ன வியாதி என்று பார்த்தார். மண்ணின் உப்பிலிருந்து குளோரைடு உலோகத்துக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ஈரக் காற்று பட்டதும் விழித்துக்கொண்டு, வெளிர் பச்சைப் பொடியாகப் பூத்துப் பூத்துச் சிலையைத் தின்னும். வெளியில் துடைத்துப் பிரயோஜனமில்லை. மின்சாரத்தைச் செலுத்தி அந்த உப்பை வெளியே இழுக்கும் முறையை அவர் இங்கே பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுண்ணாம்பையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. சோழர் வெண்கலம் என்று உருகி உருகி எழுதிய எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சிலையின் 'தெய்விக லாவண்யம்' பற்றி நம்மிடம் நூறு கட்டுரை இருக்கிறது. சிலைக்கு ஈரம் ஆகாது என்று ஒரு கட்டுரை இல்லை.

தீயைப் பற்றி நாம் எழுதாமலும் இல்லை. எழுதியிருக்கிறோம், பிறர் வைத்த தீயைப் பற்றி. 1981 ஜூன் முதல் தேதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதை எழுதத்தான் வேண்டும். இன்னும் எழுதித் தீரவில்லை. அங்கே எந்தச் சிலிண்டரும் உதவியிராது. தீ வைத்தவன் அணைக்க விடமாட்டான். ஆனால் 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. இந்தத் தலைமுறை வாசகர்களில் பாதிப்பேரை உருவாக்கிய பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் இருந்தன. நாம் என்ன செய்தோம்? 'அங்கேதான் நான் தாஸ்தயேவ்ஸ்கியை எட்டணாவுக்கு வாங்கினேன்' என்று ஞாபகக் கட்டுரை எழுதினோம். 2012 ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கத்தில் கலச மகால் எரிந்தது. ஆற்காட்டு நவாப் கட்டிய அரண்மனையின் பாகம். உள்ளே சர்க்கார் ஆபீஸ்கள், கட்டுக் கட்டாகக் காகிதம். தீயணைப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் உயிர் விட்டார். கட்டிடத்தைப் பிறகு நன்றாகவே மீட்டுக் கட்டினார்கள். காகிதத்தை யார் மீட்பது? கட்டிடம் நின்றால் எல்லாம் நின்றதாக நினைப்பதும் நம் மனோபாவந்தான்.

தில்லியில் 2016 ஏப்ரல் 26 அதிகாலை தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் எரிந்து போயிற்று. கட்டிடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகள் வேலை செய்யவில்லை என்று பத்திரிகைகளில் வந்தது. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் தேசிய மியூசியம். பக்கத்துக் குழாய்களில் தண்ணீர் இல்லை. ஆக இது தமிழனுக்கு மட்டும் உரிய குணம் என்று சொல்லித் தற்பெருமை அடைய வேண்டியதில்லை.

சரி, எதைத்தான் மாட்டுவது? செயலாளர் கேட்டார், நக்கலாகத்தான். பதில் சொல்கிறேன். ஒரே பதில் கிடையாது. அதனால்தான் அவருக்கு அது பிடிக்கவில்லை.

காகிதம், மரம், துணி இருக்கும் அறையில் தண்ணீர். ஆமாம், தண்ணீர்தான். இதைச் சொன்னதும் கமிட்டியில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் என்றால் பீய்ச்சி அடிக்கும் தீயணைப்பு வண்டிக் குழாயும் ஒன்று, உப்பு நீக்கிய சுத்த நீரைப் பனி மாதிரி தூவும் கைச்சிலிண்டரும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்படுகிறோம். அந்தப் பனித்துளி சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, கங்கு வரைக்கும் குளிர்விக்கிறது, அதிகம் நனைப்பதில்லை. நனைந்தாலும் நனைந்த புத்தகம் புத்தகந்தான். 1986 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகம் எரிந்தபோது சுமார் 4 லட்சம் புத்தகங்கள் போயின. இன்னும் 7 லட்சம் வரை நனைந்தன. நனைந்தவற்றைப் பூஞ்சை பிடிப்பதற்குள் உறைய வைத்து, பிறகு மெல்ல உலர்த்தி எடுத்தார்கள். எரிந்ததை உலர்த்த முடியாது. ஆரம்பத்தில் ஒரு வாளி தண்ணீருக்கு யோசிக்கிறவன் கடைசியில் வண்டிக்குழாய்க்கு வழி விடுகிறான். அது நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் கொட்டும்.

சுவிட்ச் போர்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் கரியமில வாயு. மிச்சம் வைக்காமல் போய்விடும், துடைக்க ஒன்றுமில்லை. உடனே 'அப்போ எல்லா இடத்துக்கும் அதையே போட்டுடலாமே' என்றார் ஒருவர். மறுபடி அதே வியாதி, ஒரே மந்திரம்! காகிதக் கட்டுக்குள் புகுந்த தீக்கு அது ஆகாது. மேல் ஜுவாலை போகும், உள்ளே கங்கு இருக்கும், வாயு கலைந்ததும் திரும்பப் பற்றும். வாயோடு வெளிவருவது பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரிக் குளிர். கண்ணாடிக்கும் பழைய வார்ப்புக்கும் கிட்டத்தில் வைத்து அடிக்கக் கூடாது. உதிரி ஏடுகளைக் காற்றில் பறக்க விட்டுவிடும். எங்கள் ஹால் மாதிரிச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் அடிக்கிறவனுக்கே மூச்சு முட்டும்.

மூன்றாவது, 'கிளீன் ஏஜென்ட்' என்கிற வாயுக்கள். ஒரு காலத்தில் ஹாலான். உலகத்து மியூசியங்களெல்லாம் அதையே நம்பியிருந்தன. ஓசோனைத் தின்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உற்பத்தியைக் குறைத்து, நம்மைப் போன்ற நாடுகளிலும் 2010ஓடு நிறுத்தியாயிற்று. மாற்றாக வந்தவை இருக்கின்றன. விலை பல மடங்கு. அவற்றிலும் சிலவற்றை வெப்பத்தைக் கூட்டுகின்றன என்று குறைத்துக்கொண்டு வருகிறார்கள். வெண்கலப் பெட்டி இருக்கும் இடத்துக்கு ஒன்றே ஒன்று போதும், வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மேற்கோள் வாங்கிக் குறைந்த விலைக்குத்தான் போக முடியும் என்றார்கள். எந்த மூன்று? மூன்றும் அதே பொடிக்கு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காசே செலவாகாத காரியங்கள் உண்டு. இரவு பூட்டும்போது மெயினை அணைப்பது. பீரோவைச் சுவிட்ச் போர்டிலிருந்து நாலடி தள்ளி வைப்பது. நவராத்திரிக் கொலுவுக்கு இழுத்த சீரியல் செட் வயரை அடுத்த நவராத்திரி வரை விட்டு வைக்காமலிருப்பது. அந்தப் பையனையும் இன்னும் இரண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்வது. இதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை. அதனாலேயே நடக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொரு தரப்பும் உண்டு. இவர்கள் செயலாளரை விட நாகரிகமானவர்கள். 'எல்லாவற்றையும்தான் ஸ்கேன் பண்ணியாச்சே. நெட்டில் இருக்கிறதே. மூலம் போனால் என்ன?' விளக்கை எப்படி ஸ்கேன் செய்வது என்று இவர்களைக் கேட்கக் கூடாது. பத்திரிகையையே எடுத்துக்கொள்வோம். 1959 ஜனவரியில் செல்லப்பா கைக்காசு போட்டு 'எழுத்து' முதல் இதழைக் கொண்டுவந்தார். அந்தக் காகிதம், அந்த அச்சு, இவ்வளவுதான் முடியும் என்று ஒரு மனுஷன் ஒப்புக்கொண்ட அந்த ஏழ்மை, இவையும் சேர்ந்ததுதான் அந்த இதழ். வழவழப்பான திரையில் அதைப் பார்க்கிறவனுக்கு 'எழுத்து' ஒரு பி.டி.எஃப். படிக்கக் கிடைப்பது நல்லதுதான், நானும் படிக்கிறேன். ஆனால் பிரதியைக் காப்பாற்றாததற்கு அதைச் சாக்காகச் சொல்கிறவன், ஸ்கேன் செய்த ஹார்ட் டிஸ்க்கையும் அதே சுவிட்ச் போர்டுக்குக் கீழேதான் வைத்திருக்கிறான். கண்ணால் பார்த்தேன்.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது மிகச் சின்ன வேலை. கமிட்டி அனுமதியோடு, ஒரு தடவைக்கு இரண்டு விளக்கு, ஒரு கட்டு பத்திரிகை வீட்டுக்கு எடுத்து வருகிறேன். மேலே விமானம் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்கிற என் மாடி அறையில், வெய்யில் நேரமாகப் பார்த்து, பக்கம் பக்கமாகப் பிரஷ்ஷால் தட்டுகிறேன். 'நடை' முடிந்தது. 'கசடதபற' பாதி. விளக்கில் பூத்த பச்சைக்கு என்ன செய்வதென்று தெரிந்தவர்களிடம் காட்டவிருக்கிறேன். புளி போட்டுத் தேய்க்கலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கு நன்றி, வேண்டாம்.

இந்தக் கட்டுரை வந்தால் செயலாளர் பதில் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். என் ரசாயனத்தில் தப்பிருந்தால் திருத்தட்டும், திருத்திக்கொள்கிறேன். நான் குதர்க்கவாதி என்று எழுதினாலும் பரவாயில்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அந்தப் பதிலில் இடம் ஒதுக்க வேண்டும். கிழக்குச் சுவரோரம் பூட்டிய பீரோவைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதற்குள் ஏட்டுச் சுவடிகள் என்று பெரியவர் இருந்தபோது ஒரு தரம் சொன்ன ஞாபகம். சுவடியானால் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிய ஓலை. பற்றுகிற வேகமே வேறு, அணைக்கிற முறையும் வேறு. கணக்கு நோட்டுப் புத்தகங்கள்தான் என்கிறார் இன்னொருவர். புதுச் சிலிண்டர் இரண்டில் ஒன்றை அதன் தலைமாட்டில்தான் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது? சாவி அவரிடம்தான் இருக்கிறது.